நாற்பத்திரண்டு கிணறுகளின் முடிவுரை

திருவல்லிக்கேணி, சென்னை
9-2-1936

அன்புள்ள அக்கா பாண்டியம்மாளுக்குத் தம்பி கருத்தக்கண்ணன் எழுதுவது.

இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மச்சானுடைய முதுகுவலி எப்படி இருக்கிறது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

போன கார்த்திகையில் ஊருக்கு வந்து, கால்வாய்த் தண்ணீர் ஏறாத நம் மேட்டு நிலத்தில் நாற்பத்திரண்டு கிணறுகளை அளந்துகொண்டு வந்தேன் அல்லவா, அந்த வியாசம் முடியும் தறுவாயில் இருக்கிறது. இங்கிலீஷில் அறுபது பக்கம். ஜூன் கடைசிக்குள் காலேஜில் கொடுக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால் எனக்கு இங்கேயே உதவி ஆசிரியர் வேலை கிடைக்கலாம் என்று புரொபசர் ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்.

அறுபது பக்கத்தில் ஐம்பத்தெட்டுப் பக்கம் சரி என்கிறார். கடைசி இரண்டு பக்கம், அதாவது முடிவுரை, அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் முக்கியமான வாக்கியத்தை உனக்குத் தமிழில் தருகிறேன்: "இவ்வாறாக நிலத்தின் அடியில் உறங்கும் நீரன்னை விழித்தெழும் நாளில் இந்த வறண்ட பூமியில் வளம் பொங்கும் பொன்னாள் உதயமாகும்." இதைப் படித்துவிட்டு, "கலியாணப் பத்திரிகையில் போடலாம்" என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவருக்கு முடிவுரையை நம் பாஷையில் எழுதி அனுப்ப வேண்டுமாம். அவர்களுக்குப் புரிந்து, சரிதான் என்று அவர்கள் சொன்னால் அப்புறம் இங்கிலீஷில் எழுதலாமாம்.

எனக்கு உன்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாவது படித்தவள், ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவள். இன்னொரு உதவியும் வேண்டும். கோடை முடியும் வரை, நம் கிணற்றையும் சேர்த்து ஆறு கிணறுகளில் வாரம் ஒரு தடவை நீர்மட்டம் அளந்து எழுத வேண்டும்.

மச்சானுக்கு என் வணக்கம்.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி, அலங்காநல்லூர் வழி
20-2-1936

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மச்சானுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. எனக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது. நீ வாரம் ஒரு முறையாவது எண்ணெய் தேய்த்துக் குளி.

முடிவுரையை உன் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். "கெணத்தப் பத்தித்தான எழுதுனான், பொன்னாளு எங்குட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் தோன்றியது. மனு எழுதும்போது நான் பார்த்திருக்கிறேன். நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் கடைசியில் "கருணைக் கடலே" என்று எழுதச் சொல்லுவார்கள். அப்படி எழுதினால் வாங்குகிற அதிகாரி கடைசி வரிக்கு வரும்போது மனுவை மடித்துவிடுகிறார். ஓடைப் பாலம் உடைந்திருக்கிறது, இந்த மாதத்துக்குள் சரி செய்து தர வேண்டும் என்று எழுதினால் ஒரு கேள்வியாவது கேட்கிறார்.

ஆறு கிணற்று அளவையும் தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கு ஒரு முடிச்சாகக் கயிறு போட்டுத் தந்தவன் பேச்சிமுத்து. நம் நிலத்தில் வேலை பார்க்கிறானே, கிணறு வெட்டுகிறவன், அவன்தான். கயிற்றை இறக்குவதும் அவனே. ஈரம் பட்ட முடிச்சை அவன் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன். நம் கிணறு முப்பதடி. இப்போது நான்கடித் தண்ணீர் நிற்கிறது.

இப்படிக்கு உன் அக்கா,
பாண்டியம்மாள்

*

திருவல்லிக்கேணி
15-3-1936

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகந்தானே? எனக்கு நான்கு நாள் ஜலதோஷம் இருந்து விட்டது. இப்போது தேவலை.

பொன்னாளை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு அத்தியாயத்திலும் சொன்னதைச் சுருக்கி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். புரொபசர் அதையும் திருப்பிக் கொடுத்தார். "படிக்கிறவன் இப்போதுதானே இதையெல்லாம் படித்துவிட்டு வருகிறான்? மறுபடியும் எதற்கு? இவ்வளவும் சேர்ந்து என்ன ஆகிறது, அதைச் சொல்" என்றார். நான் தயங்கினேன். "ஐம்பத்தெட்டுப் பக்கம் அளந்துவிட்டுக் கடைசியில் வாயை மூடிக்கொள்கிறாயே. துணிந்து சொல்" என்றார்.

துணிந்துவிட்டேன். நான் அளந்ததில் முப்பத்தாறு அடியைத் தாண்டிய கிணறுகள் மூன்றுதான். போன கோடையிலும் அந்த மூன்றும் வற்றவில்லை என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்:

"இந்த மேட்டு நிலத்தில் முப்பதடியோடு நின்றுவிட்ட கிணறுகளை இன்னும் எட்டடி தோண்டினால் கோடையிலும் நீர் நிற்கும். இரண்டாம் போகம் நிச்சயம். குடியானவர்கள் தயங்க வேண்டியதில்லை."

மூன்றே வாக்கியம். ஓரத்தில் அவர் பென்சிலால் நன்று என்று எழுதினார். மச்சானிடம் படித்துக் காட்டி அபிப்பிராயம் எழுது.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி
2-4-1936

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் கிடைக்குமா அங்கே?

உன் முடிவுரையை அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "நிச்சயம்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். போட்டிருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். நம் கிணற்றில் இப்போது இரண்டடித் தண்ணீர்தான். கமலை மாடு நான்கு தடவை ஏறி இறங்கி இறைப்பதற்குள் சால் தரையைத் தட்டுகிறது.

பேச்சிமுத்துவும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஐயா, அந்த மூணு கெணறும் ஓடைக்கரையில கெடக்கு. நம்மது மேட்டுல. தண்ணி இருக்கும், இல்லைன்னு சொல்லல. ஆனா மேல பத்தடி சரள மண்ணு. கீழ பாறைக்கு வெடிமருந்து வச்சா மேல கரை நிக்குமா? தம்பி கரையப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

என்னிடம் இருந்த காகிதத்தில் கரையைப் பற்றி ஒன்றும் இல்லை. உள்ளே எங்காவது எழுதியிருக்கிறாயா? இருந்தால் அதைத் தமிழில் எழுதி அனுப்பு. அவர் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்று அவசரப்படுகிறார்.

அளவு உள்ளே வைத்திருக்கிறேன்.

பாண்டியம்மாள்

*

திருவல்லிக்கேணி
24-4-1936

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை. மற்றபடி நலமே. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அட்டவணைகளை டைப் அடிக்கக் கொடுத்திருந்தேன்.

கரையைப் பற்றி வியாசத்தில் இல்லை. என் தலைப்பு நீர்மட்டம். புரொபசரிடமும் கேட்டேன். உள்ளே சொல்லாத விஷயத்தை முடிவுரையில் புதிதாகக் கொண்டுவரக் கூடாது, அது வியாசம் எழுதுவதில் முதல் பாடம் என்றார். பேச்சிமுத்து கேட்டது இஞ்சினீயர் பார்க்க வேண்டிய சங்கதி. அவனிடம் அப்படிச் சொல்.

மச்சான் கிணற்றை ஆழப்படுத்தப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். நம் சொந்தக் கிணற்றிலேயே பலன் தெரிந்தால் அதையே உதாரணமாக முடிவுரைக்கு முன்னால் சேர்த்துவிடுவேன். வாராவாரம் அளவு தவறாமல் வர வேண்டும்.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி
6-6-1936

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

வேலை இருந்ததால் எழுத முடியவில்லை. ஐந்து கிணற்று அளவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கும் இருக்கிறது. இப்போது நம் நிலத்தில் வேலை பார்க்கிற சின்னான் கயிறு இறக்குகிறான்.

மழை இல்லை.

பாண்டியம்மாள்

*

திருவல்லிக்கேணி
18-6-1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மிகவும் சிறியதாக இருந்தது. உடம்புக்கு ஏதேனும் வந்து மறைக்கிறாயா? மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதுகுவலி திரும்ப வந்துவிட்டதா?

நம் கிணற்று அளவை மட்டும் நீ அனுப்பவில்லை. கயிறு அறுந்துவிட்டதோ, தோண்டுகிற வேலையில் அளக்க வசதிப்படவில்லையோ என்று நினைத்தேன். டைப் அடிப்பவர் காத்துக்கொண்டிருந்தார். மற்றக் கிணறுகளை வைத்து, எட்டடி ஆழப்படுத்தினால் எவ்வளவு நிற்கும் என்று மதிப்புப் போட்டு அந்த ஆறு வாரத்தையும் நானே நிரப்பிவிட்டேன். தவறு பெரிதாக இருக்காது. அட்டவணையில் ஓட்டை இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

சந்தோஷமான செய்தி. வியாசத்தைக் கொடுத்துவிட்டேன். புரொபசருக்கு ரொம்பத் திருப்தி. முடிவுரையைப் படித்துவிட்டு, "இப்படித்தான் காலை ஊன்றி நிற்க வேண்டும்" என்றார். கிராம முன்னேற்றச் சங்கம் ஒன்று முடிவுரையையும் நம் கிணற்றைப் பற்றிய பக்கத்தையும் தமிழில் சிறு புத்தகமாக அச்சிட்டு, மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை மானாவாரிக் குடியானவர்களுக்கு இனாமாகக் கொடுக்கப்போகிறது. ஆடி மாதத்துக்குள் வந்துவிடும். மச்சானிடம் சொல். அவருடைய கிணறு அச்சில் வரப்போகிறது.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி
27-6-1936

தம்பி கருத்தக்கண்ணனுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

அந்தப் புத்தகத்தை அச்சுப் போடவிடாதே. ஏன் என்று சொல்கிறேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

உன் ஏப்ரல் மாதக் கடிதம் வந்த மறுநாள் உன் மச்சான் வேலையை ஆரம்பித்தார். இஞ்சினீயர் பார்க்க வேண்டியது என்று நீ எழுதியதைப் பேச்சிமுத்துவிடம் சொன்னேன். "இஞ்சினீயரு நம்ம ஊருக்கு எப்ப வாராராம்?" என்று கேட்டான். அவனும் சின்னானும் இறங்கினார்கள். முப்பத்தோரடியில் பாறை. நான்கு தடவை மருந்து வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. பேச்சிமுத்து அதைக் களிமண் வைத்துப் பூசினான்.

மே மாதம் பதினாறாம் தேதி சனிக்கிழமை. மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வந்து இறங்கினான். சின்னான் மேலே நின்று கூடை இழுத்துக்கொண்டிருந்தான். கிழக்குக் கரை விழுந்தது. வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. வண்டியிலிருந்து மண்ணைக் கொட்டினால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஊரே வந்து மண்ணை அள்ளியது. வெளியில் எடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. உயிர் இல்லை. அவன் பெண்சாதி மலையம்மாள் அதுவரை கமலைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு கூடை மேலே வரும்போதும் எழுந்து நின்று பார்த்தாள்.

முப்பத்தாறு அடிவரை வெட்டியும் தண்ணீர் வரவில்லை என்று உன் மச்சான் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் புஞ்சைக்குப் போகவில்லை. கிணற்றைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதவில்லை. சுகம் என்று எழுத முடியவில்லை. சுகமில்லை என்று எழுதினால் நீ ஏன் என்று கேட்பாய்.

உனக்கு மறைத்தது உன் வேலைக்காகத்தான். வியாசம் கொடுத்து முடியட்டும் என்று இருந்தேன். இப்போது அதைப் படித்து இன்னும் எத்தனை பேர் இறங்குவார்களோ என்று இருக்கிறது.

நம் கிணற்றுக்கு ஆறு வாரம் அளவு போட்டதாக எழுதியிருக்கிறாய். அதில் நான்கு வாரம் அங்கே அளக்க ஒன்றுமில்லை. சரிந்த மண்தான் கிடந்தது. நீ எந்த எண்ணைப் போட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

பாண்டியம்மாள்

*

திருவல்லிக்கேணி
12-8-1936

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். மச்சான் எப்படி இருக்கிறார்?

ஆறு வாரம் எழுதவில்லை. உன் கடிதம் வந்த அன்றே புரொபசர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நானே போட்ட எண்களையும் சொன்னேன். அவர், "துணிந்து சொல் என்று சொன்னவன் நான்" என்றார். அன்று சாயங்காலமே சங்கத்துக்கு ஆள் அனுப்பி அச்சை நிறுத்தினார். வியாசத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். திருத்தி எழுதினால் மறுபடி பார்ப்பார். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. நான் இப்போது ஓர் அச்சாபீஸில் புரூப் பார்க்கிறேன்.

ஜூலை பதினோராம் தேதி மதுரை வரைக்கும் வந்தேன். அலங்காநல்லூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பப் போகிற சமயத்தில் இறங்கிவிட்டேன். மலையம்மாள் எதிரில் வந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஸ்டேஷனிலேயே இருந்து அடுத்த ரயிலில் திரும்பினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

முடிவுரையை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"இந்த மேட்டு நிலத்தில் கிணறுகளை ஆழப்படுத்துவதில் பயனில்லை. எங்கள் சொந்தக் கிணற்றில் முப்பத்தாறு அடிவரை வெட்டியும் நீர் கிடைக்கவில்லை. ஒரு கூலியாள் உயிரிழந்தார். ஓடைக்கரை தவிர மற்ற இடங்களில் இம்முயற்சியைக் கைவிடுவதே நல்லது."

இதை மலையம்மாளிடம் படித்துக் காட்ட முடியுமா? அவள் கேட்க விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி
30-8-1936

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மச்சான் நேற்று முதல் பேசுகிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் மலையம்மாள் வீட்டுக்குப் போக இருபது நாள் எடுத்துக்கொண்டேன்.

முடிவுரையைக் கொண்டுபோய்ப் படித்தேன். களையெடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். முடித்ததும், "தண்ணி கெடைக்கலன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"யாரு சொன்னது? அன்னைக்கு மத்தியானம் கஞ்சிக்கு வந்தாரு. முழங்காலு வரைக்கும் ஈரம். கேட்டேன். 'ஊத்து கண்டாச்சு புள்ள, வடகெழக்கு மூலையில இருந்து பீச்சுது'ன்னாரு. அம்புட்டு சந்தோசம். ஒக்காரக்கூட இல்ல, ரெண்டு வாயி குடிச்சிட்டுப் போயிட்டாரு. தண்ணி வல்லைன்னு எழுதுனா அவரு வெட்டுனது வீணுன்னு ஆயிரும் தாயி. அது நெசமில்ல."

சின்னானைக் கேட்டேன். "ஐயா சொல்லவேணாம்னாரு" என்றான்.

வீட்டுக்கு வந்து உன் மச்சானிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "வந்துச்சு" என்றார். "காலையிலயே வந்துச்சு. நானும் எட்டிப் பாத்தேன். தண்ணி வந்துச்சுன்னு சொன்னா, கெணறு காவு வாங்கிட்டுத் தண்ணி விட்டுச்சுன்னு ஊரு பேசும். என்னய ஆளக் குடுத்துத் தண்ணி எடுத்தவன்னு சொல்லுவாக. அதான் இல்லைன்னேன்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்குக் காலையிலயே தண்ணி வந்துருச்சுல்ல, போதும் ஏறிக்கன்னு சொல்லியிருக்கலாம். இன்னும் ரெண்டடின்னேன். ஒந்தம்பி எட்டடின்னு எழுதியிருந்தான்ல."

அவர் சொன்னதை நான் உனக்கு எழுத வேண்டுமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. எழுதிவிட்டேன்.

தம்பி, முதலில் எழுதிய முடிவுரையில் நீ உன்னைப் பெரிதாகக் காட்டிக்கொண்டாய். இப்போது எழுதியிருப்பதில் உன்னைத் தண்டித்துக்கொள்கிறாய். இரண்டிலும் நீதான் இருக்கிறாய், கிணறு இல்லை. நடந்ததை எழுது.

பாண்டியம்மாள்

*

திருவல்லிக்கேணி
20-9-1936

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். மச்சான் பேசுகிறார் என்று எழுதியது ஆறுதலாக இருந்தது. அவர் சொன்ன இரண்டடியை நான் மறக்கப்போவதில்லை. அது அவருடைய இரண்டடி இல்லை என்று அவரிடம் சொல்.

உள்ளே சொல்லாததை முடிவுரையில் கொண்டுவரக் கூடாது என்பது சரியான விதிதான். அதை வைத்து நான் பேச்சிமுத்துவின் கேள்வியைத் தள்ளிவிட்டதுதான் பிழை. அவர் கேட்டதும் உள்ளே ஓர் அத்தியாயம் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதியிருக்கிறேன். நாற்பத்திரண்டு கிணற்றுக்கும் கரை என்ன மண் என்று சின்னானைக் கேட்டு நீ அனுப்பிய காகிதந்தான் அதற்கு ஆதாரம். என்னுடைய பொய் அளவுகளை எடுத்துவிட்டேன். அட்டவணையில் ஆறு கட்டம் காலியாக இருக்கிறது. ஏன் காலி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முடிவுரை:

"நான் பார்த்த நாற்பத்திரண்டு கிணறுகளில் முப்பத்தாறு அடியை எட்டியவை நான்கு. நான்கிலும் நீர் கண்டது. மூன்று ஓடைக்கரையில் உள்ளவை. நான்காவது மேட்டில் உள்ளது. அதை வெட்டியவர் பேச்சிமுத்து. நீரைக் கண்ட நாளிலேயே கரை சரிந்து அவர் இறந்தார். மேட்டு நிலத்திலும் ஆழத்தில் நீர் இருக்கக்கூடும் என்பதற்கு இந்த ஒரு கிணறே சான்று. ஒரு கிணறு போதுமான சான்று அல்ல. கரை நிற்குமா என்ற கேள்வியை வேலை தொடங்குமுன் பேச்சிமுத்து கேட்டார். அப்போது நான் விடை தேடவில்லை. சரளை மண் உள்ள இடங்களில் கல் கட்டாமல் இறங்கக் கூடாது என்பது இப்போது தெரிகிறது. எத்தனை அடிக்கு, எந்த மண்ணுக்கு என்பது எனக்குத் தெரியாது. இனிமேல் ஆராய்கிறவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டும்."

புரொபசர் இதைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. "வெட்டினவர் பெயரைப் போடுவது வழக்கமில்லை" என்றார். எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வியாசத்தை ஏற்றுக்கொண்டார். பரிசோ வேலையோ இதில் இல்லை. சங்கத்துக்காரர்கள் இந்த முடிவுரையை அச்சிட விரும்பவில்லை. குடியானவர்களுக்கு உற்சாகம் தராது என்றார்களாம்.

மலையம்மாளிடம் படித்துக் காட்டு. பிழை இருந்தால் எழுது. திருத்துகிறேன்.

கருத்தக்கண்ணன்

*

கரட்டுப்பட்டி
11-10-1936

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். இங்கே இரண்டு உழவு மழை பெய்தது. நீ அச்சாபீஸில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மலையம்மாளிடம் படித்தேன். "நீரைக் கண்ட நாளிலேயே" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். "சரி" என்றாள். பிழை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் அச்சிடாவிட்டால் என்ன? நான் நான்கு பிரதி எழுதி வைத்திருக்கிறேன். கிணறு வெட்ட நினைக்கிறவர்கள் கேட்டால் படித்துக் காட்டுகிறேன். பக்கத்துப் புஞ்சைக்காரர் வெள்ளைத்துரை போன வாரம் வந்து கேட்டார். மருந்து வாங்கி வைத்திருந்தார். கேட்டு முடித்ததும், முதலில் கல் வண்டிக்குச் சொல்லுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உன் மச்சான் முள்ளை எடுத்துவிட்டார். சின்னானையும் இன்னும் இரண்டு பேரையும் வைத்து, சரிந்த மண்ணை எடுத்து, கிழக்குப் பக்கமும் வடக்குப் பக்கமும் கல் கட்டியாகிவிட்டது. மற்ற இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. ஒன்பதடித் தண்ணீர் நிற்கிறது. இரண்டு பக்கம் கல் கட்டிய பிறகும் நேற்று வரை அவர் அதில் இறைக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

முந்தாநாள் மத்தியானம் மலையம்மாள் ஒரு குடமும் கயிறும் எடுத்துக்கொண்டு நம் புஞ்சைக்கு வந்தாள். அவர்கள் தெருவிலிருந்து நம் பக்கத்துக் கிணறுகளில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் கமலை மேட்டில் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரிடம் கேட்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நேரே கிணற்றை நோக்கி நடந்தாள். தெற்குப் பக்கமாக வந்தாள்.

"அங்குட்டு நிக்காத" என்றார் அவர்.

அவள் நின்றுவிட்டாள்.

"அந்தப் பக்கம் இன்னும் கல்லு கட்டல. இங்குட்டு சுத்தி வந்து எடு."

அவள் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்து கயிற்றை இறக்கினாள். குடம் நிறைந்து மேலே வந்ததும் ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். யார் யார் என்று எழுத வேண்டாம். "என்ன சுருளி, நம்ம கெணத்துல அவுகள எறைக்க விட்டுட்டியாம்ல?" என்று கேட்டார்கள். உன் மச்சான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "வெட்டுறதுக்கு அவரு எறங்குனப்ப ஒருத்தரும் வந்து கேக்கலயே."

அவர்கள் போய்விட்டார்கள். நாளைக்கு வேறு யாராவது வரலாம்.

நேற்றும் மலையம்மாள் வந்தாள். இன்று அவளோடு இன்னொருத்தியும் வந்தாள். உன் மச்சான் இன்று காலையில் கமலை பூட்டினார்.

தீபாவளிக்கு வா. இந்தத் தடவை பஸ்ஸிலிருந்து இறங்காமல் வா.

உன் அக்கா,
பாண்டியம்மாள்